மறதிக்கு ஒரு பெயர் போதுமா?

நம் கிராமங்களில் முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டால், பெற்ற மகளைப் பார்த்து “நீ ஆற்றை பிள்ளை மோனை?” என்று வினவினால், அயலவர்கள் “அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது” என்பார்கள். பழகிய சொல், பரிவும் உள்ள சொல். ஆயினும் அச்சொல்லை உரைத்தபின் எவரும் மேற்கொண்டு எதையும் வினவுவதில்லை. எதனால் வந்தது, எப்பொழுது தொடங்கியது, தீர்க்கத்தக்கதா என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு சொல்லோடு அடங்கிவிடுகின்றன.

இன்று படித்தவர் வீடுகளில் அறளை என்ற சொல் அருகி, அல்ஸைமர் என்ற பிறநாட்டுப் பெயர் வழங்கத் தொடங்கியிருக்கின்றது. சொல் மாறியதேயன்றி வழக்கம் மாறவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது. முன்னர் எல்லா மறதியும் அறளை. இப்பொழுது எல்லா மறதியும் அல்ஸைமர். ஆனால், முதுமையில் வந்து மூளையைப் பற்றும் நோய்களுள் அல்ஸைமர் நோயைப் போலத் தோன்றி, அதனின் வேறான நோய்கள் பல உள என்பதை ஆராய்ச்சியாளர்கள் தெளிவாகக் கண்டிருக்கின்றனர். அவற்றைப் பிரித்தறிந்த வரலாறு சுவை மிக்கது. பிரித்தறியாமையால் நோயாளிக்கு நேரும் தீங்கோ சிறிதன்று. இவ்விரண்டையும் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

ஒரு பெயர் பிறந்த கதை

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜேர்மனியிலுள்ள பிராங்போர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலைக்கு அவுகுஸ்தே டீற்றர் என்னும் பெண்மணி அழைத்து வரப்பட்டார். வயது 51. கணவன்மீது காரணமற்ற ஐயம், பொருள்களை எங்கோ ஒளித்து வைத்தல், நினைவுக் குறைவு ஆகியவை அவரிடம் காணப்பட்டன. தம் பெயரை எழுதும்படி கேட்டபோது அதனையும் அவரால் முற்றாக எழுத இயலவில்லை. அலோயிஸ் அல்ஸைமர் என்ற வைத்தியர் அவரை வினவிய வினாக்களையும், அவர் அளித்த விடைகளையும் நுணுக்கமாகக் குறித்து வைத்தார். 1906ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பெண்மணி இறந்தபின், அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியில் வைத்து ஆராய்ந்த அல்ஸைமர் இரண்டு மாறுதல்களைக் கண்டார். நரம்புக் கலங்களுக்கு வெளியே கறைபோன்ற படிவுகள். கலங்களுக்குள்ளே முறுக்கேறிய இழைகள். அவ்வாண்டு நவம்பரில் தூபிங்கன் நகரில் நடந்த வைத்தியர் கூட்டத்தில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, சபையிலிருந்த எவரும் ஒரு கேள்வியேனும் கேட்டாரில்லை.

1910ஆம் ஆண்டில் கிறெப்பெலின் என்னும் பேராசிரியர் தமது மனநோய் நூலின் புதிய பதிப்பில் இந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். ஆனால் அக்காலத்தில் அப்பெயர் நடுவயதினரைப் பற்றும் அரியதொரு நோயையே குறித்தது. எழுபது, எண்பது வயதில் வரும் மறதியை அப்பெயரால் எவரும் அழைக்கவில்லை. நரை வருவதும் திரை விழுவதும் போல அதுவும் மூப்பின் இயல்பு என்றே வைத்தியர்களும் எண்ணியிருந்தனர். மேலைநாட்டு வைத்தியமும் அரை நூற்றாண்டுக் காலம் “அறளை” என்றே சொல்லிக்கொண்டிருந்தது எனலாம்.

1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் பிளெஸெட், தொம்லின்சன், றொத் என்னும் மூவரும் முதியோரின் மூளைகளை ஆராய்ந்து, உயிரோடிருந்தபோது அறிவுக் குறைவு மிகுந்திருந்தோரிடம் அந்தப் படிவுகளும் மிகுந்திருக்கக் கண்டனர். 1976ஆம் ஆண்டில் அமெரிக்கரான றொபேட் கற்ஸ்மன், நடுவயதில் வருவதும் முதுமையில் வருவதும் ஒரே நோய்தான் என்று வாதிட்டுச் சிறு கட்டுரையொன்று எழுதினார். அதன்பின் அரியதொரு நோயின் பெயர் கோடிக்கணக்கான முதியவர்களுக்கு உரியதாயிற்று. அதனால் விளைந்த நன்மை பெரிது. முதுமையின் மறதி விதியன்று, நோய். நோயாயின் அதற்குக் காரணமுண்டு, காரணமறியின் மருந்தும் கூடும் என்ற எண்ணம் வேரூன்றியது. அரசாங்கங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. ஆயினும், முன்னர் மிகக் குறுகியிருந்த பெயர் இப்பொழுது மிக அகன்றுவிட்டது. அதன் கீழ் அல்ஸைமர் நோய் அல்லாதனவும் வந்து ஒதுங்கிக்கொண்டன.

ஆசிரியைகள் கொடுத்த கொடை

அவ்வாறு ஒதுங்கியிருந்தவற்றை வெளிக்கொணர்ந்த ஆராய்ச்சிகளுள், நம்போன்ற ஆசிரியர்களின் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. 1986ஆம் ஆண்டில் டேவிட் ஸ்னோடன் என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மன்கேட்டோ நகரத்துக் கன்னியர் மடமொன்றில் தமது ஆராய்ச்சியைத் தொடங்கினார். நோத்ர டாம் பாடசாலைச் சகோதரிகள் எனப்படும் அச்சபையினர் வாழ்நாள் முழுவதும் கல்வி கற்பித்தலையே தொண்டாகக் கொண்டவர்கள். பின்னர் அந்நாட்டின் ஏனைய மடங்களுக்கும் ஆராய்ச்சி விரிந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 678 சகோதரிகள் இதிற் சேர்ந்தனர். ஆண்டுதோறும் நினைவாற்றற் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் அவர்கள் அனைவரும் இசைந்தனர்.

கன்னியரைத் தெரிந்தெடுத்ததற்குத் தக்க காரணமுண்டு. அவர்கள் ஒரே வகையான உணவை உண்டனர், ஒரே வகையான இல்லத்தில் வாழ்ந்தனர், புகைத்தலும் குடியும் இல்லை, மகப்பேறும் இல்லை. வாழ்க்கை முறையில் வேற்றுமை குறையக் குறைய, நோயின் காரணத்தைத் தேடுதல் எளிதாகும். இன்னுமொரு வாய்ப்பும் இருந்தது. 1930ஆம் ஆண்டில் அச்சபையின் தலைவியார், ஒவ்வொரு சகோதரியும் தன் வாழ்க்கை வரலாற்றை இருநூறு முந்நூறு சொற்களில் ஒரே தாளில் எழுதித் தரவேண்டும் என்று பணித்திருந்தார். ஏறத்தாழ 22 வயதில், தம் கைப்பட எழுதிய அக்கட்டுரைகள் மடத்தின் ஏட்டறையில் அறுபதாண்டுகளாகக் கிடந்தன.

ஆராய்ச்சியாளர்கள் 93 சகோதரிகளின் கட்டுரைகளை எடுத்து, பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துக்கள் அமைந்துள்ளன என்று எண்ணினர். 1996ஆம் ஆண்டில் வெளியான முடிவு வியப்பைத் தந்தது. இளமையிற் செறிவாக எழுதியோர் முதுமையிலும் சோதனைகளில் நன்கு தேறினர். கருத்துச் செறிவு குறைந்திருந்தோர் பலர் பின்தங்கினர். அதற்குள் இறந்துவிட்ட 14 பேரின் மூளைகளைப் பார்த்தபோது, செறிவு குறைந்த கட்டுரை எழுதியோர் எல்லாரிடமும் அல்ஸைமர் நோயின் அடையாளங்கள் இருந்தன. செறிவுடன் எழுதியோர் ஒருவரிடமும் இல்லை. இதனைக் கொண்டு, கட்டுரை எழுதிப் பழகினால் மறதி வாராது என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடக் கூடாது. பதினால்வர் என்பது சிறு தொகை. இளமையில் நன்கு வளர்ந்த மூளை பின்னாளில் நோயைத் தாங்கியதோ, அன்றி நோயின் வித்து இருபது வயதிலேயே எழுத்தை மெலியச் செய்ததோ, இக்கணக்கினால் முடிவு செய்தற்கில்லை.

நம் பொருளுக்கு மிக வேண்டியது அவ்வாராய்ச்சியின் மற்றொரு பகுதியாகும். 101 வயதுவரை வாழ்ந்த ஒரு சகோதரி இறுதிவரை சோதனைகளிற் சிறந்த புள்ளிகளே பெற்றார். இறந்தபின் பார்த்தால் அவர் மூளையிற் படிவுகளும் முறுக்கிழைகளும் நிறைந்திருந்தன. நோயின் அடையாளம் உண்டு, நோய் இல்லை. இதற்கு மறுதலையாக, நினைவை இழந்து இறந்த வேறு சிலரிடம் அந்த அடையாளங்கள் போதிய அளவு காணப்படவில்லை. 1997ஆம் ஆண்டில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. அல்ஸைமர் நோயின் அடையாளங்களோடு, இரத்தம் எட்டாமையாற் பட்டுப்போன சிறு இடங்களும் மூளையில் இருந்தவர்களுக்கே அறிவுக் குறைவு மிகுதியாக ஏற்பட்டிருந்தது. அப்படியானால், மறதிக்குக் காரணம் ஒன்றல்ல. சிக்காக்கோவிலுள்ள றஷ் சர்வகலாசாலையார் குருமாரையும் கன்னியரையும், பின்னர் ஊர்ப் பொதுமக்களையும் கொண்டு நடத்திய ஆராய்ச்சிகளும் இதனையே வலியுறுத்தின. அறிவு மங்கி இறந்த முதியோருட் பெரும்பாலாரின் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் கலந்திருந்தன என்று 2007ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர்.

காலந்தாழ்ந்து வரும் நோய்

போதிய அடையாளமில்லாமலே நினைவிழந்தோரின் மறதிக்குக் காரணம் யாது? இக்கேள்விக்கு விடையின் ஒரு பகுதி வேறொரு திசையிலிருந்து வந்தது. ரீ.டி.பி.-43 என்ற புரதமொன்று நம் உடற் கலங்களில் உண்டு. கலத்தின் கருவுக்குள் இருந்துகொண்டு, மரபுச் செய்திகளைச் செப்பஞ் செய்து அனுப்புதல் அதன் தொழில். 2006ஆம் ஆண்டில் பென்சில்வேனியா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளரும் பிறரும், நடுவயதிற் குணத்தையும் மொழியையும் குலைக்கும் ஒருவகை மூளைநோயிலும், தசைகளை வலுவிழக்கச் செய்யும் ஒரு நரம்பு நோயிலும் இப்புரதம் கருவை விட்டு வெளியேறிக் கட்டிகட்டியாகத் திரண்டிருப்பதைக் கண்டனர். பின்னர் முதியோரின் மூளைகளில் இதனைத் தேடியபோது, எதிர்பாராத அளவில் அங்கும் அது இருந்தது.

2019ஆம் ஆண்டில் கென்டக்கி சர்வகலாசாலையைச் சேர்ந்த பீற்றர் நெல்சன் முதலிய பல நாட்டு அறிஞர்கள் கூடி இந்நோய்க்கு ஒரு பெயரிட்டனர். அந்நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டினால் ‘லேற்’ என்ற சொல் வரும்; காலந்தாழ்ந்து வருவது என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதே. எண்பது வயதைக் கடந்தோரையே இந்நோய் பெரும்பாலும் பற்றுகின்றது. மூளையின் உட்புறத்தே வாதுமைப் பருப்பின் வடிவாக அமைந்த பகுதியில் இது முதலில் தோன்றும். அங்கிருந்து கடற்குதிரையின் வடிவாக வளைந்துள்ள நினைவுப் பகுதிக்குப் பரவும். பின்னர் முன்மூளையையும் எட்டும். நினைவுப் பகுதி சுருங்கிவிடுதலால் நோயாளி அல்ஸைமர் நோயாளி போலவே மறக்கின்றார். ஆனால் இது தனியே வரும்போது நோய் மெல்லவே முதிர்கின்றது. அல்ஸைமர் நோயும் உடன் சேருமாயின் வீழ்ச்சி விரைவாகின்றது. 2022ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், பதின்மூன்று ஆராய்ச்சிக் குழுக்களிலிருந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மூளைகளின் விபரங்கள் ஒன்று சேர்க்கப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு ஏறக்குறைய 40 மூளைகளில் இந்நோயின் அடையாளம் இருந்தது. இத்துணைப் பரந்த நோய்க்கு 2019 வரை ஒரு பெயர்தானும் இருக்கவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு ஒருவகை அச்சமே உண்டாகின்றது. பெயரில்லாத நோய்க்கு மருந்து தேடுவார் யார்? 

இல்லாததைக் காண்பவர்

இரண்டாவது நோய் இதனினும் பழையது. 1912ஆம் ஆண்டில், அல்ஸைமரின் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய பிரெடெரிக் லூவி என்ற இளைஞர், நடுக்கு நோயாளிகளின் மூளைக் கலங்களுள் வட்டமான சிறு உருண்டைகளைக் கண்டார். அறுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1976இல், யப்பானிய வைத்தியரான கென்ஜி கொசாக்கா, அறிவு மங்கி இறந்த ஒரு பெண்ணின் மூளைப் புறணியிலும் அவ்வுருண்டைகள் பரவியிருக்கக் கண்டார். இந்நோயாளர் ஒரு நாள் தெளிவாகவும் ஒரு நாள் மயக்கமாகவும் இருப்பர். உறக்கத்திலே கையை வீசுவர், கூவுவர். நடை தளர்ந்து உடல் இறுகும். எல்லாவற்றிலும் முக்கியமாக, இல்லாத மனிதரையும் விலங்குகளையும் கண்ணெதிரே தெளிவாகக் காண்பர்.

எனக்கு இலக்கணம் கற்பித்த முதியவர் ஒருவரை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கின்றேன். நன்னூற் சூத்திரங்களைத் தடையின்றிச் சொல்லக்கூடியவர் அவர். எண்பதை அண்மித்தபோது, மாலை வேளைகளில் விறாந்தையிலே பிள்ளைகள் வரிசையாய் நிற்பதாகவும், அவர்களுக்கு இருக்கை கொடுக்கும்படியும் சொல்லத் தொடங்கினார். மறுநாட் காலையில் தெளிவாக இருந்து பத்திரிகை வாசிப்பார். வீட்டார் சிலர் அறளை என்றனர். சிலர் பேய்க்கோளாறு என்றனர். ஒரு வைத்தியசாலையில் மனத்தை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் அவர் உடல் மரம்போல விறைத்தது. விழுங்கவும் முடியாதவராய்ப் படுக்கையில் வீழ்ந்தார். மருந்தை நிறுத்திய பின் ஓரளவு தேறினாரெனினும் முன்போல எழுந்து நடமாடவில்லை. அவருக்கு வந்தது லூவி நோய்தான் என்று நான் துணிந்து கூறமாட்டேன். அவர் மூளையை ஆராய்ந்தவர் எவருமில்லை. ஆனால் அந்நோயாளர் பலருக்கு மனத்தை அடக்கும் அவ்வகை மருந்துகள் பெருங் கேடு விளைப்பன என்பது 1992 முதல் வைத்தியர்களால் நன்கு அறியப்பட்ட செய்தி. ஒரு நோயை மற்றொன்றாகக் கொள்வதனால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தீரக்கூடியதும் உண்டு

மூன்றாவதாக நான் கூறுவது நம்பிக்கை தரும் கதை. தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலே, பொகோற்றா நகரில், சலமோன் ஹக்கீம் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். 1957ஆம் ஆண்டில் வாகன விபத்திலே தலையில் அடிபட்ட பதினாறு வயது இளைஞன் ஒருவன் உணர்வு மங்கியவனாய் அவரிடம் கிடந்தான். மூளையின் உள்ளறைகளில் நீர் மிகுந்து அவை விரிந்திருந்தன. ஆனால் நீரின் அழுத்தத்தை அளந்தால் வழக்கமான அளவே காட்டியது. ஹக்கீம் சோதனைக்காகச் சிறிது நீரை எடுத்தார். இளைஞன் பேசத் தொடங்கினான். முதியோரிலும் இந்நிலை உண்டென்று பின்னர் அவர் கண்டு, 1965ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். கால்கள் நிலத்தோடு ஒட்டியவைபோல நடை குழறுதல், சிறுநீரை அடக்க முடியாமை, மறதி ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். மெல்லிய குழாயொன்றினால் நீரை வயிற்றுக்குள் வடியச் செய்தால், தக்க காலத்தில் கண்டறியப்பட்டோர் பலர் எழுந்து நடக்கின்றனர். விற்றமின் பி-12 குறைதல், தைரொயிட் சுரப்பி தளர்தல், ஆறாத மனச்சோர்வு ஆகியனவும் மறதிபோலத் தோன்றி, உரிய சிகிச்சையினால் நீங்கத்தக்கவை. இவற்றையெல்லாம் “வயது போனால் அப்படித்தான்” என்று விட்டுவிடுவது எத்துணைக் கொடுமை!

பெயரும் மருந்தும்

பல ஆண்டுகளாக அல்ஸைமர் நோய்க்குச் சோதித்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியுற்றன. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, சோதனையிற் சேர்க்கப்பட்டோர் எல்லாரும் அல்ஸைமர் நோயாளர் அல்லர் என்பது. உயிரோடிருப்பவரின் மூளையில் அந்தப் படிவுகளைப் படம்பிடித்துக் காணும் முறை வந்தபின்னரே இவ்வுண்மை தெளிவாயிற்று. 2023 யூலையில் லெக்கனமாப் என்ற மருந்துக்கும், 2024 யூலையில் டொனனமாப் என்ற மருந்துக்கும் அமெரிக்க அரசு முழு அனுமதி வழங்கியது. இவை அமிலொயிட் எனப்படும் அப்படிவுகளை மூளையிலிருந்து அகற்றுவன. நோயை மாற்றுவன அல்ல. முதல் மருந்து பதினெட்டு மாதத்தில் வீழ்ச்சியை நூற்றுக்கு 27 பங்கு தாமதப்படுத்தியது. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் உண்டாகும் ஆபத்தும் உண்டு. அமிலொயிட் இருப்பவருக்கே இம்மருந்து. லேற் நோய் மாத்திரம் உள்ளவருக்கு இதனைக் கொடுத்தால், பயன் இல்லை. ஆபத்து மட்டும் மிஞ்சும்.

லேற் நோயை உயிரோடிருப்பவரிடம் ஐயமறக் காட்டும் சோதனை இன்னும் வைத்தியர் கைக்கு வரவில்லை. ஆயினும் 2025ஆம் ஆண்டில், நோயின் போக்கையும் நினைவுப் பகுதியின் சுருக்கத்தையும் அமிலொயிட் இன்மையையும் கொண்டு ஊகித்தறியும் விதிகளை அறிஞர்கள் வகுத்து வெளியிட்டுள்ளனர். இருளில் ஒரு படியேனும் ஏறியாயிற்று.

எமது நாட்டிலும் முதியோர் தொகை பெருகி வருகின்றது. றாகமையில் நடந்து 2003ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பொன்றில், 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைச் சோதித்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ நால்வருக்கு அறிவு மங்கும் நோய் இருக்கக் காணப்பட்டது. விலையுயர்ந்த படங்களும் புதிய மருந்துகளும் எல்லாருக்கும் கிட்டுதல் அரிது. ஆனால் பணமின்றியே செய்யக்கூடியவை சில உள. மறதி எப்பொழுது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென வந்ததா, நடையில் மாற்றமுண்டா, இல்லாதவற்றைக் காண்கின்றாரா, ஒரு நாளைக்கொரு நாள் நிலை மாறுகின்றதா என்று வீட்டிலுள்ளோர் கவனித்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் கூடும். அவுகுஸ்தே டீற்றரைக் குறித்து அல்ஸைமர் முதலிற் செய்ததும் அதுவேயாகும். அத்தகைய குறிப்போடு செல்லும் மகனுக்கும் மகளுக்கும் வைத்தியர் கூறக்கூடிய விடை, “அப்பாவுக்கு அறளை” என்று மட்டும் சொல்லி நிற்போருக்குக் கிடைக்கும் விடையினும் பயனுடையதாயிருக்கும்.

சொற்களைக் கையாள்வது நம் தொழில். ஒரு சொல் ஒரு பொருளைத் தெளிவாகக் காட்டவும் கூடும். பல பொருள்களை ஒன்றாக மூடிவிடவும் கூடும். இலக்கண வகுப்பில் ஒரு சொல்லின் பல பொருளைப் பிரித்தறியக் கற்பிக்கும் நாம், நம் வீட்டு முதியவரின் மறதியைப் பற்றிப் பேசும்போதும் அந்தக் கவனத்தைக் கைவிடலாகாது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து, இறந்தபின்னும் உலகுக்குக் கற்பித்த அந்த 678 சகோதரிகளும் தம் மூளையைக் கொடுக்க இசைந்தது இத்தெளிவுக்காகவே. இனி ஒருவர் “அறளை” என்று சொல்லக் கேட்டால், “எவ்வகை மறதி?” என்று ஒருமுறை வினவிப் பாருங்கள். அவ்வினாவுக்கு விடை தேட முற்படும் குடும்பங்களுட் சிலவற்றிலேனும், தீர்க்கத்தக்க நோயொன்று தீர்ந்து, ஒரு முதியவர் மீண்டும் தம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடும்.